எட்டில் ஒருத்தி

லாஸன் வில்கின்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும், பிராணிகளின் உணவு விருப்பங்களை ஆராய்ந்து பெயர் பெற்ற கர்ட் ரிக்டரும் சேர்ந்து, 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனுடைய சரித்திரத்தை எழுதியிருக்கிறார்கள். பேச்சு வரத் தொடங்கிய பருவத்தில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட முதற் சில சொற்களில் உப்பு என்பதும் ஒன்று. பிஸ்கோத்தின் மேல் தூவியிருந்த உப்பை மட்டும் நக்கிவிட்டுப் பிஸ்கோத்தை ஒதுக்கிவிடுவான். உப்புக் குப்பி கண்ணில் பட்டுவிட்டால் அதைக் கையில் வாங்கித் தின்னும் வரையில் ஓயமாட்டான். பெற்றோரும் அவன் போக்குக்கு விட்டுவிட்டார்கள். வயதுக்கு மிஞ்சிய அவனது உடல் வளர்ச்சிக்குக் காரணம் என்னவென்று அறியும் பொருட்டு மருத்துவமனையில் சேர்த்தபோது, மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சாதாரண உணவையே அவனுக்கும் கொடுத்தார்கள். ஏழு நாட்களில் அவன் இறந்துபோனான். பிரேத பரிசோதனையில் அட்ரினல் சுரப்பிகள் இயல்பு திரிந்திருந்தமை தெரிந்த பிறகுதான், வீட்டில் அவன் அள்ளித் தின்ற உப்பே அவனை அத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்தது என்பது புலனாயிற்று. நோயாளி தன் வியாதிக்குரிய ஔஷதத்தைத் தானே கண்டுபிடித்திருக்க, வைத்தியம் அறிந்தவர்கள் அதை அறியாமல் நிறுத்திவிட்ட சம்பவம் மருத்துவ சரித்திரத்தில் இதைப் போல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

அட்ரினல் என்பது இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் ஒவ்வொன்றாக அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி. நாலைந்து கிராம் எடையே உள்ள அதன் புறணியில்தான், சரீரம் நோயையும் அதிர்ச்சியையும் பட்டினியையும் தாங்கி நிற்பதற்கு வேண்டிய கார்ட்டிசாலும், உப்பு சிறுநீரோடு வீணே வெளியேறிவிடாமல் தடுத்து வைக்கும் ஆல்டோஸ்டிரோனும், ஆண்மைக்குரிய லட்சணங்களை உண்டாக்கும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களும் உற்பத்தியாகின்றன. மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கண்டு நாம் அஞ்சுகிற கொலஸ்டிராலை எடுத்துக்கொண்டு, நொதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திருத்தத்தைச் செய்து, படிப்படியாக இவற்றை ஆக்கித் தருகின்றன. அந்த நொதிகளில் 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். வாய்க்கால் மூன்று கிளைகளாகப் பிரியும் இடத்தில் இரண்டு கிளைகளின் மடை அடைபட்டுப்போயிற்று. கடைமடையில் பயிர் வாடுகிறதென்று கேள்விப்பட்டு, அடைப்பு இருப்பதை அறியாத மேலதிகாரி மதகை இன்னும் இன்னும் திறக்கச் சொல்கிறான். வந்த நீர் அவ்வளவும் அடைபடாத மூன்றாவது கிளையில் கரைபுரண்டு ஓடி, பாயக்கூடாத வயலில் பாய்ந்து நிற்கிறது. கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் வாடும் பயிர்கள். மூளையின் அடியிலிருந்து ஆணையிடும் பிட்யூட்டரிச் சுரப்பி அந்த மேலதிகாரி. வெள்ளம் பாய்வது ஆண்ட்ரோஜன் கிளையில். ஓயாமல் வேலை வாங்கப்படுவதால் அட்ரினல் சுரப்பி பருத்துப்போகிறது. அதனால் இவ்வியாதிக்குப் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்று பெயரிட்டிருக்கிறார்கள். இப்பெயரால் வழங்கும் வியாதிகள் பலவாயினும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த ஒரே நொதியின் குறையால் வருவன.

ஆண் குழந்தைகளுக்கு இவ்வியாதி வெளியில் தெரியாமல் வருகிறது. கடுமையான வகையில், பிறந்த ஒன்றிரண்டு வாரங்களில் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தியெடுக்கும், எடை இறங்கும், துவண்டுவிடும். ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து பொட்டாசியம் ஏறி, இருதயம் நின்றுபோகலாம். வயிற்றுப்போக்கு என்றோ சீழ்க்கிருமிகளின் தொற்று என்றோ காரணம் எழுதப்பட்டு மண்ணுக்குப் போன ஆண் சிசுக்கள் எத்தனையோ. பெண் குழந்தைகளிடத்தில் வேறு விதமாக வெளிப்படுகிறது. கருப்பையிலேயே ஆண்ட்ரோஜன் மிகுதியாகப் பாய்ந்துவிடுவதால், உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் முறையாக அமைந்திருந்தும், வெளியுறுப்பு மட்டும் பெண்ணுக்குரிய வடிவத்திலிருந்து விலகி, சிலரிடத்தில் ஆண் குழந்தையினுடையதே என்று மருத்துவச்சி துணிந்து சொல்லும் அளவுக்கு மாறியிருக்கும். இந்த மாறுபாட்டை ஐந்து படிகளாக வகுத்து 1954-இல் ஸூரிக் நகரத்து ஆண்டிரியா பிராடர் எழுதிவைத்த அளவுமுறையையே இன்றளவும் மருத்துவர்கள் கையாளுகிறார்கள்.

இதை முதன்முதலில் விவரமாகக் கண்டெழுதியவர் நேப்பிள்ஸ் நகரத்து உடற்கூற்று ஆசிரியர் லூயிஜி டி கிரெக்கியோ. ஆடவராகவே வாழ்ந்து, ஆடவராகவே ஊராரால் மதிக்கப்பட்டு, நாற்பது வயதைக் கடந்து இறந்த ஒருவருடைய சடலத்தை அவர் அறுத்துப் பார்த்தபோது, உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் இருக்கக் கண்டார். அட்ரினல் சுரப்பிகள் மிகப் பெரியனவாக இருந்ததையும் குறித்துக்கொண்டார். 1865-இல் அச்சான அந்த அறிக்கையில் அவர் எழுதியிருக்கும் செய்திகளுள், இறந்தவர் வாந்தியும் பேதியுமாகத் தளர்ந்து மாண்டார் என்பதும் ஒன்று. சுரப்பிக்கும் மரணத்துக்கும் இருந்த சம்பந்தம் அக்காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை; தெரிந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைத்ததே அவருடைய பெருமை.

கார்ட்டிசாலுக்கு ஈடாகக் கொடுக்கத்தக்க கார்ட்டிசோன் கைக்கு வந்த பிறகே வைத்தியம் பிறந்தது. அந்தப் பொருளை அறிந்து பயன்படுத்தியதற்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் என்ற மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே ஆண்டில், உப்புக்கு ஏங்கிய சிறுவனைப் பற்றி எழுதிய அதே வில்கின்ஸ், கார்ட்டிசோனைக் கொடுத்தால் இவ்வியாதியில் ஆண்ட்ரோஜன் வெள்ளம் வடிந்துவிடுகிறது என்று நிரூபித்தார். பாஸ்டனில் ஃபிரடெரிக் பார்ட்டரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதே முடிவுக்கு வந்தார். இல்லாத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தவுடன், பிட்யூட்டரி தன் ஆணையைத் தளர்த்திக்கொள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். அன்று முதல் இவ்வியாதியுள்ள குழந்தைகள் வளர்கிறார்கள், படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். மாத்திரையை மட்டும் ஆயுள் முழுவதும் விடக்கூடாது.

ஆனால் பிறந்த பின் கொடுக்கும் மாத்திரை, பிறப்பதற்கு வெகு முன்பே முடிந்துவிட்ட ஒரு காரியத்தைத் திருப்பிவிட முடியாது. கருவின் வெளியுறுப்புகள் ஆண் வடிவமா பெண் வடிவமா என்று தீர்மானமாகும் காலம், கருத்தரித்து ஆறேழு வாரங்களில் தொடங்கிப் பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதுவும், தாய்க்கே தான் கர்ப்பமுற்றிருப்பது அப்போதுதான் உறுதிப்பட்டிருக்கும் நாட்களில். கருவின் அட்ரினல் சுரப்பியும் அந்த வாரங்களிலேயே விழித்துக்கொண்டு, சிறிது காலம் தானே கார்ட்டிசால் தயாரிக்கிறது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. பெண் கருவின் வடிவத்தை ஆண்ட்ரோஜனிடமிருந்து காப்பதற்கே இயற்கை அந்தச் சிறுபொழுதுச் சுரப்பை ஏற்படுத்தியிருக்கிறது போலும். ஆகவே வெளியுறுப்பு மாறாமல் தடுக்க வேண்டுமானால், மருந்தும் அந்த நாட்களுக்குள்ளேயே கருவைச் சென்று சேரவேண்டும். இந்த அத்தியாயத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து கிளைத்ததே.

முதலில் நோயறியும் வழியைப் பார்ப்போம். 1965-இல் ஜெஃப்கோட் என்பவரும் அவருடைய சகாக்களும், பாதிக்கப்பட்ட சிசுவைச் சுமந்த தாயின் பனிக்குட நீரில் அட்ரினல் ஹார்மோன்களின் சிதைவுப் பொருள்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். பிறவாத குழந்தையிடத்தில் ஒரு ஹார்மோன் வியாதியைக் கண்டறிவது கூடும் என்று உலகம் அறிந்தது அதனால்தான். பின்னால், அடைபட்ட மடைக்கு மேலே தேங்கும் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்ற பொருளையே நேராக அளக்கலானார்கள். பழுதான மரபணு, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காகப் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களின் அண்டையிலேயே ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது என்பது 1977-இல் தெரிந்தது. 1980-களின் நடுவில் மரபணுவே கையில் அகப்பட்டது. அதன் அருகிலேயே, அதைப் போலவே எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒத்திருந்தும் வேலை செய்யாத போலி மரபணு ஒன்று குடியிருப்பதும், இரண்டுக்கும் இடையே நடக்கும் துண்டுப் பரிமாற்றத்தாலேயே பெரும்பாலான பழுதுகள் உண்டாகின்றன என்பதும் கூடவே விளங்கின. ஆய்வுக்கூடத்தில் போலியை மெய்யென்று வாசித்துவிடாமல் பரிசோதிப்பது இன்றும் சாமர்த்தியம் வேண்டும் காரியம்.

நஞ்சுக்கொடியின் இழைத் துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பரிசோதிக்கும் முறை வந்தபின், கர்ப்பத்தின் பத்து, பதினொன்றாம் வாரத்திலேயே வியாதியைத் தீர்மானிக்க முடிந்தது. பனிக்குட நீருக்காகப் பதினைந்து பதினாறு வாரம் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய லாபம்தான். எனினும் மருந்து தொடங்கவேண்டிய நாளோ, கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் வாரத்துக்கு முன். பரிசோதனை இயலும் நாளுக்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும்!

1984-இல் ஃபிரான்ஸ் தேசத்தின் லியான் நகரத்தில் மிஷேல் டேவிட், மகெலோன் ஃபாரெஸ்ட் என்ற இருவரும் இச்சிகிச்சையைக் கையாண்டு முடிவை வெளியிட்டார்கள்; நியூயார்க்கில் மரியா நியூ அம்மையார் அதைப் பெரிய அளவில் நடத்தினார். அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்து கார்ட்டிசால் வகையைச் சேர்ந்த டெக்ஸாமெதசோன். கர்ப்பிணியின் உடலில் இயற்கையாக ஊறும் கார்ட்டிசால் அளவுக்கு மேல் கருவைச் சென்று தாக்காதபடி, நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவலிருந்து அதைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. டெக்ஸாமெதசோனோ அந்தக் காவலுக்குக் கட்டுப்படாமல் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்து, கருவின் பிட்யூட்டரியை அடக்கி, ஆண்ட்ரோஜன் வெள்ளத்தை வடியவைக்கும். தாயின் எடையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம், அதாவது ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கப்படும். உரிய காலத்தில் தொடங்கப்பட்ட கர்ப்பங்களில், பெண் குழந்தைகள் வடிவ மாறுபாடு இல்லாமலோ மிகச் சிறிய மாறுபாட்டுடனோ பிறந்தார்கள் என்பதில் ஐயமில்லை. மருந்து தன் வேலையைச் செய்கிறது. கேள்வி அதுவன்று.

கணக்கைப் பார்ப்போம். தாயும் தகப்பனும் பழுதான மரபணுவை ஆளுக்கொன்றாகச் சுமப்பவர்கள். தங்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் வாழ்பவர்கள். முதற் குழந்தைக்கு வியாதி கண்ட பிறகே தாங்கள் சுமப்பவர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த கர்ப்பத்தில், இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே கருவுக்கு வந்துசேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வந்துசேர்ந்தாலும், ஆண் கருவாக இருந்தால் இந்த மருந்தினால் அதற்கு யாதொரு பயனும் இல்லை. வடிவம் கெடுவது பெண் கருவுக்கே. ஆகையால் நான்கில் ஒன்றைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்று. எட்டுக் கர்ப்பிணிகளுக்கு மருந்து தொடங்கினால், அதனால் நன்மையடையக்கூடியவள் ஒருத்தி; மற்ற ஏழு கருக்களும், நஞ்சுக்கொடிப் பரிசோதனையின் முடிவு வந்து மருந்தை நிறுத்தும் வரையில், உறுப்புகள் எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில், தங்களுக்குச் சற்றும் வேண்டாத ஒரு வீரியமான ஹார்மோனில் மூழ்கியிருக்கின்றன. நியூ அம்மையாரின் குழு 2001-இல் வெளியிட்ட 532 கர்ப்பங்களின் வரலாற்றில், 281 கர்ப்பிணிகளுக்கு டெக்ஸாமெதசோன் கொடுக்கப்பட்டது. அவர்களில் வியாதியுள்ள பெண் குழந்தையைச் சுமந்தவர்கள் 49 பேர். மற்றவர்கள் பிறர் பொருட்டு மருந்துண்டவர்கள் என்றே சொல்லவேண்டும்.

இங்கே வைத்தியத்தின் பழைய தர்மம் ஒன்று தலைகீழாகிவிடுகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தினால் நோயாளிக்கே தீங்கு வருமாயின், நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம்; ஒருவருக்கு நன்மையும் ஏழு பேருக்குத் தீமையின் சாத்தியமும் என்றால் எந்தத் தராசில் வைப்பது? அந்தச் சாத்தியமும் அற்பமானதன்று. கருவின் ஆரம்ப மாதங்களில் இயல்பாக இருக்கும் கார்ட்டிசால் அளவைப் போல் ஏறக்குறைய 60 மடங்குக்கு ஈடான வீரியம் இச்சிகிச்சையினால் கருவைச் சென்றடைகிறது என்று இத்துறை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிப் பிராணிகளுக்கு இவ்வகை மருந்துகளை மிகுத்துக் கொடுத்தால் குட்டிகள் எடை குறைந்து பிறக்கின்றன. பின்னால் ரத்த அழுத்தம் முதலிய கோளாறுகளுக்கு ஆளாகின்றன. தாய்மார்களும் தப்புவதில்லை: உடல் பருத்தல், முகம் வீங்குதல், தோலில் செந்நிறத் தழும்புகள், சர்க்கரை ஏறுதல், மனச் சோர்வு முதலியவற்றைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள்.

டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனின் கதையை இவ்விடத்தில் மறக்க முடியாது. 1938-இல் தயாரிக்கப்பட்ட அம்மருந்தைக் கருச்சிதைவு நேராமல் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் இலட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பிறந்த பெண் குழந்தைகள் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருந்தார்கள். அவர்கள் பருவமெய்திய பின், அந்த வயதில் கேட்டறியாத ஒருவகைப் புற்றுநோய் சிலருக்கு யோனியில் தோன்றியதை, பாஸ்டன் நகரத்து ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1971-இல் கண்டு சொன்னார்கள். பிறவாத சிசுவுக்கு நாம் கொடுக்கும் ஹார்மோனின் பலாபலன் பிரசவ அறையில் தெரிந்துவிடுவதில்லை. இருபது வருஷம் பொறுத்தும் தெரியலாம். டெக்ஸாமெதசோனும் அதே விதமான மருந்து என்று நான் சொல்லவில்லை. பிறந்த குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்ற ஆறுதல் மட்டும் சான்றாகாது என்கிறேன்.

ஸ்வீடன் தேசத்தார் இதை உணர்ந்து, தம் நாட்டில் இச்சிகிச்சை பெற்ற குழந்தைகளை வளர்ந்த பின்னும் தேடிப் பரிசோதித்தார்கள். 2007-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்கள் மருந்து பெற்ற 26 குழந்தைகளும், ஒப்பிட்டுப் பார்க்க 35 குழந்தைகளுமே. அறிவுத்திறன் பொதுவில் குறையவில்லை. ஆனால், வியாதியில்லாமல் பிறந்து, கருவில் சிறிது காலமே மருந்து பெற்ற குழந்தைகள், காதில் கேட்ட சொற்களை நினைவில் நிறுத்திக் கையாளும் ஒரு பரிசோதனையில் பின்தங்கினார்கள்; நாலு பேர் நடுவில் கூச்சமும் அவர்களுக்கு மிகுதியாக இருந்தது. அதாவது, அந்த ஏழு பேரைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கை சிறியது, பிற்காலத்தில் வளர்ந்த பருவத்தில் சோதித்தபோது அந்த வேற்றுமை காணப்படவில்லை என்றும் அதே குழுவினர் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஸ்வீடன் மருத்துவர்கள் 2010-இல் புதிய கர்ப்பிணிகளை இச்சிகிச்சைக்குச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் அதே ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலும், பின் 2018-இல் திருத்தி வெளியிட்டதிலும், இது சோதனை நிலையிலுள்ள சிகிச்சை என்றும், நெறிக்குழுவின் அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே கையாளத்தக்கதன்று என்றும் சொல்லியிருக்கிறது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்றுக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அது சோதனைதான் என்று உணர்வது மருத்துவத்தின் வழக்கமான காலதாமதம்.

இன்னொன்றும் உண்டு. டெக்ஸாமெதசோன் இவ்வியாதியைக் குணப்படுத்துவதில்லை. மருந்துண்ட தாய்க்குப் பிறந்த பாதிக்கப்பட்ட பெண்ணும், பிறந்த நாள் தொட்டு மாத்திரைக்குரியவளே. தடுக்கப்படுவது வெளி வடிவம் ஒன்றுதான். அந்த வடிவத்தை முன்னிட்டுக் குழந்தைப் பருவத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சை நேராமல் காக்கலாம் என்பதே இதை ஆதரிப்பவர்களின் முதல் வாதம். அது வலுவான வாதமும் ஆகும். ஆனால் இவ்வியாதியோடு வளர்ந்து பெரியவர்களான பெண்களிற் சிலர், எங்கள் உடலின் தோற்றம் வேறு, எங்கள் உயிருக்கு ஆபத்தான ஹார்மோன் குறை வேறு; முன்னதை வியாதியென்று வைத்து எங்கள் சம்மதமின்றி ஏன் திருத்தப் பார்க்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடையில்லை.

ஏழு பேரை எப்படி விடுவிப்பது? ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய டென்னிஸ் லோ 1997-இல், கர்ப்பிணியின் ரத்தத்தின் தெளிந்த திரவத்தில் சிசுவின் மரபுப்பொருள் மிதந்து திரிவதைக் கண்டறிந்தார். அதற்குமுன் தாயின் ரத்தத்தில் சிசுவின் உயிரணுக்களைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தவர்கள், உயிரணுக்களை வடித்தெடுத்தபின் வேண்டாமென்று ஒதுக்கிய திரவத்தில் அது ஏராளமாக இருந்தது. தாய் பெண்ணாதலால் அவளிடம் ஒய் குரோமோசோம் இல்லை. அவள் ரத்தத்தில் அதன் அடையாளம் அகப்பட்டால் கரு ஆண் என்று அறியலாம். கர்ப்பத்தின் ஏழாம் வாரம் முதலே, ஊசி கருப்பையை நெருங்காமல், தாயின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தாலேயே இதை அறிந்து, ஆண் கருவானால் மருந்தைத் தொடங்காமலே விட்டுவிடலாம். ஏழு பேரில் நால்வர் இவ்வாறு தப்பினார்கள். 2014-இல் லோவும் நியூ அம்மையாரும் சேர்ந்து, பதினான்கு குடும்பங்களில், தாய் தந்தை முன் பிறந்த குழந்தை மூவருடைய மரபுவரிசையையும் தாயின் ரத்தத்தோடு ஒத்துப் பார்த்து, கருவுக்கு வியாதி உண்டா இல்லையா என்பதையே ஐந்து வாரம் ஆறு நாளில்கூடச் சொல்லக்கூடும் என்று காட்டினார்கள். மருந்து தொடங்கும் நாளைப் பரிசோதனை முந்திக்கொண்டுவிட்டது. செலவும் நுட்பமும் குறைந்து இது எங்கும் பரவினால், எட்டில் ஒருத்திக்கு மட்டுமே மருந்து என்ற நிலை வந்துவிடும். அப்போதும் அந்த ஒருத்திக்கு அது நல்லதுதானா என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

நம் தேசத்தில் இவ்வழி அப்படியே செல்லாது. பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-இல் இயற்றிய சட்டம், மரபுவழி வியாதிகளைக் கண்டறிவதற்காகக் கருவைப் பரிசோதிக்க அனுமதிக்கிறது. ஆனால் கருவின் பாலைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்விதத்தாலோ யாருக்கும் தெரிவிக்கக் கூடாதென்று விலக்குகிறது. இச்சிகிச்சையோ கருவின் பாலை அறிந்தே நடக்கவேண்டியது. மருத்துவர் வாய்திறக்காவிட்டாலும், தொடங்கிய மருந்தை நிறுத்துவதும் தொடர்வதுமே கெட்டிக்காரக் குடும்பத்துக்கு ஒரு செய்தியாகிவிடும். சட்டம் செய்தவர்கள் இந்த அரிய வியாதியை நினைத்திருக்கமாட்டார்கள். அதற்காகச் சட்டத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை; அது காத்து நிற்கும் பெண் உயிர்களின் எண்ணிக்கை வேறு.

இவ்வியாதி அரியது என்றேன். எங்கும் ஒரே அளவில் அரியதன்று. உலகத்தில் பொதுவாகப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது கணக்கு. அலாஸ்காவின் தென்மேற்கில் வாழும் யூப்பிக் மக்களிடையே முந்நூறுக்குள் ஒன்று என்ற விகிதத்தில் காணப்பட்டதால், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தத்துளியைக் காகிதத்தில் உலர்த்திச் சோதிக்கும் முறையை முதன்முதலில் அங்கேதான் நடத்திப் பார்த்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது, மொத்தத்தில் 5,762 பேருக்கு ஒன்றாகவும், மும்பையில் 9,983-க்கு ஒன்றாகவும், சென்னையில் 2,036-க்கு ஒன்றாகவும் இவ்வியாதி தென்பட்டது. சென்னைக் கணக்கைப் படித்தவுடன் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கம் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த பழுதான பிரதி, இரு கிளைகளிலும் மறைந்து வந்து பேரப்பிள்ளையிடம் சந்திப்பதற்கு உறவுத் திருமணம் வழி திறக்கிறது என்பது உண்மை. எனினும் வித்தியாசம் முழுவதையும் அதன் தலையில் கட்டிவிடுவது அவசரம். மிகச் சில குழந்தைகளை வைத்துப் போட்ட விகிதம் சற்று அசைந்து கொடுக்கக்கூடியது.

இரண்டாயிரத்துக்கு ஒன்று என்ற விகிதமுள்ள ஊரில் முதற் கடமை எது? கருவுக்கு மருந்து கொடுப்பதா என்று நம் மருத்துவர்கள் வாதிடுவதற்கு முன், பிறந்த குழந்தைகள் எல்லாருடைய குதிகாலிலும் இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு துளி ரத்தம் எடுக்கும் ஏற்பாடு எல்லா ஊர்களுக்கும் வரவேண்டும் என்பது என் துணிபு. முதற் குழந்தைக்கு வியாதி இருப்பதே தெரியாமல் அதை இழந்த தாயிடம், அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனை செய்துகொள் என்று சொல்வாரும் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு இச்சோதனையில் வீண் எச்சரிக்கை அடிக்கடி வரும். மறுபரிசோதனை செய்து தெளியலாம்.

முன்னமே வியாதியறிந்த குடும்பத்திலோ, கருவில் நோயறிவது மருந்து கொடுக்காவிட்டாலும் பயனற்றுப்போவதில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்கு வியாதி உண்டென்று நாலாம் மாதத்தில் தெரிந்தால், பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பிரசவத்தைக் குழந்தை மருத்துவர் உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம். பெண் குழந்தையின் வடிவத்தைப் பார்த்துப் பிரசவ அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழிக்காமல், ஆணா பெண்ணா என்று ஊருக்குச் சொல்வதில் தடுமாறாமல் இருக்கலாம். உப்பு இறங்கும்வரை காத்திராமல் முதல் நாட்களிலேயே, கார்ட்டிசாலுக்கும் ஆல்டோஸ்டிரோனுக்கும் ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃபுளூட்ரோகார்ட்டிசோனும், பாலோடு அளந்த உப்பும் தொடங்கலாம். அந்த ஐந்து மாதத்தில் பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு: காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும், பல் பிடுங்குவதாயினும் எலும்பு முறிந்தாலும் மருத்துவரிடம் முதலில் இவ்வியாதியைச் சொல்லவேண்டும், வாந்தியெடுக்கும் குழந்தையின் வயிற்றில் மாத்திரை தங்காதாகையால், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை வீட்டில் வைத்திருந்து, தொடைச் சதையில் தாமே போட்டுவிட்டு, பிறகு வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.